மைதா அண்ணாச்சியின் விரதங்கள்

சங்கரபாண்டியனுக்குக் கோதுமை ஆகாது என்று மதுரையில் ஒரு டாக்டரம்மா சொன்ன நேரத்தில், அருப்புக்கோட்டை பந்தல்குடி ரோட்டில் அவருடைய கிட்டங்கியில் நூற்று நாற்பது மூட்டை மைதா இறங்கிக்கொண்டிருந்தது.

அப்பா காலத்திலிருந்து மைதா வியாபாரம். செவ்வாய்க்கிழமை திருச்சுழி, வியாழக்கிழமை நரிக்குடி, சனிக்கிழமை எம்.ரெட்டியபட்டி. குட்டியானை வண்டியில் லோடு ஏற்றி, டிரைவர் மருதுபாண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பரோட்டா கடை விடாமல் அவரே நேரில் போய் மூட்டை இறக்குவார். அந்தப் பக்கத்துப் பரோட்டா மாஸ்டர்கள் எல்லாருக்கும் அவர் மைதா அண்ணாச்சி. சொந்தப் பெயர் பில்லில் மட்டும் இருந்தது.

இரண்டு வருஷத்தில் எழுபத்தாறு கிலோ ஐம்பத்தெட்டாக இறங்கிவிட்டது. சாப்பிட்டால் வயிறு பானை மாதிரி உப்பும், அப்புறம் பேதியாகும். வாயில் ஓயாத புண். ரத்தம் இல்லை என்று கொடுத்த இரும்பு மாத்திரைகளை அவர் உடம்பு சட்டை செய்யவே இல்லை. கண்ணேறு என்றார்கள், குடல்புழு என்றார்கள், சீனி வியாதி என்றார்கள். மனசில் ஏதோ கவலை என்றும் சொன்னார்கள். கவலை எதுவும் இல்லை என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. ரத்தம் எடுத்து, வாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பார்த்த பிறகுதான் வியாதிக்குச் சீலியாக் என்று ஒரு பெயர் கிடைத்தது.

“என்ன தொழில் பண்றீங்க?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“மைதா ஏஜென்சி.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். “விக்கலாம். சாப்பிடத்தான் கூடாது.”

“கொஞ்சமா?”

“கொஞ்சமும்.”

“விசேஷ வீட்டுல?”

“விசேஷம்னு குடலுக்குத் தெரியாதுங்க. பரோட்டா மாவைப் பிசைஞ்சு இழுத்தா ரப்பர் மாதிரி நீளுதுல்ல? அப்படி நீள வைக்கிறது குளூட்டன்னு ஒரு புரதம். அதுதான் உங்க குடலை அரிச்சுக்கிட்டு இருக்கு. ஆயுசுக்கும் அதைத் தொடக்கூடாது.”

இழுத்தால் கிழியாது என்று சொல்லித்தான் சங்கரபாண்டியன் இருபத்தேழு வருஷமாக மாவு விற்றுக்கொண்டிருந்தார். அதை இப்போது சொல்லலாமா என்று யோசித்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில், டாக்டரம்மா எழுதிக் கொடுத்த தாளை அவர் மனைவி தங்கச்செல்வி இரண்டு தடவை படித்தாள். ஒரு பக்கம் ஆகாதவை: கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி, பன்னு, ரஸ்க்கு, பிஸ்கட், பாலில் கலக்கும் சத்து பவுடர். மறுபக்கம் ஆகும் என்று அரிசி, கம்பு, சோளம், கேழ்வரகு, குதிரைவாலி, பருப்பு, காய்கறி, மீன், முட்டை, கறி, பால்.

“இதுக்கா மதுரைக்குப் போனோம்?” என்றாள் தங்கச்செல்வி. “ஆகும்னு இருக்கிறது பூரா நம்ம கரிசக்காட்டுல வெளையுறது. ஆகாதுன்னு இருக்கிறது பூரா நம்ம கிட்டங்கில இருக்கிறது.”

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் பிருந்தாவையும் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள், பெற்றவர்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரலாம் என்று. அவளுக்கு ஒன்றும் இல்லை என்று நாலாம் நாள் ரிப்போர்ட் வந்தது. அன்று இரவே அவள் பீட்சா சாப்பிடும் போட்டோவை அனுப்பினாள்.

வீட்டில் பெரிய கஷ்டம் வரவில்லை. காலையில் இட்லி, தோசை. அது எப்போதும் உள்ளதுதான். மத்தியானம் சோறு. ராத்திரிதான் சிக்கல். வீட்டில் பன்னிரண்டு வருஷமாக ராத்திரிக்குச் சப்பாத்திதான். ஏன் ஆரம்பித்தார்கள் என்று இருவருக்கும் ஞாபகம் இல்லை. தங்கச்செல்வி சப்பாத்திக் கட்டையைப் பரணில் போட்டாள். திங்கள்கிழமை கம்பையும் உளுந்தையும் ஆட்டித் தோசை, தொட்டுக்கொள்ள வெங்காயச் சட்னி. செவ்வாய்க்கிழமை குதிரைவாலியில் உப்புமா; ரவை உப்புமாவை விட உதிரியாக வந்தது. புதன்கிழமை சோளப் பணியாரம். ஒருநாள் கம்பஞ்சோறு ஆக்கி, மிச்சத்தைத் தண்ணீரில் போட்டு, காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் வைத்துக் கொடுத்தாள். கடையில் நாலு மணி டீக்கு ரஸ்க்குக்குப் பதிலாக அவித்த நிலக்கடலை ஒரு டப்பா போனது. கடலை கிடைக்காத நாளில் எள்ளுருண்டை, பொரி, இல்லையென்றால் அவலில் தேங்காயும் கருப்பட்டியும். அரிசியிலும் உளுந்திலும் செய்யும் சீனி மிட்டாய்க்குத் தடை இல்லை என்று தெரிந்த அன்று சங்கரபாண்டியன் அரைக்கிலோ வாங்கிவந்தார். சேவு வாங்கும்போது மட்டும், கடலை மாவோடு வேறு எதையும் கலக்கிறார்களா என்று கேட்டார். கடைக்காரர் கோபப்பட்டார். “மைதா கலக்கிறதா இருந்தா ஒங்ககிட்டதான அண்ணாச்சி வாங்கணும்?” என்றார். அது நியாயமாக இருந்தது.

சிக்கல் முழுக்க ரோட்டில்தான். மூட்டை இறக்கினால் இலை போடுவது அந்தப் பக்கத்துக் கடைகளில் வழக்கம். முதல் ஈட்டுப் பரோட்டா இரண்டைப் பிய்த்துப் போட்டு, சால்னா ஊற்றி, “எப்படி இருக்கு அண்ணாச்சி மாவு?” என்பார்கள். அவர் ஒரு வாய் தின்று தலையாட்டினால்தான் மாவு நல்ல மாவு. இருபத்தேழு வருஷமாக ஆட்டிய தலை. இப்போது போய் எனக்கு ஆகாது என்றால், வியாபாரி தன் சரக்கைத் தானே தின்னமாட்டேன் என்கிறான் என்றுதானே நாலு பேர் பேசுவார்கள்?

ஆகவே செவ்வாய்க்கிழமை திருச்சுழியில் ராஜகுரு கடையில், முருகனுக்கு விரதம் என்றார். ராஜகுரு உடனே இலையை எடுத்துவிட்டு ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்தார். இது சுலபமாக இருக்கிறதே என்று வியாழக்கிழமை நரிக்குடியில் தாவீதுராஜ் கடையில், குருபகவானுக்கு என்றார். சனிக்கிழமை எம்.ரெட்டியபட்டியில் செல்லப்பாண்டியிடம் பெருமாளுக்கு என்றார். வண்டியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மருதுபாண்டி ஒரு மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஞாயித்துக்கெழமைக்கும் ஒரு சாமி பாத்துருங்க அண்ணாச்சி. எங்கயாச்சும் கல்யாணம் வரும்” என்றான்.

ஒரு மாசத்துக்கு மேல் ஆகியும் வயிறு சரியாகவில்லை. முன்னைக்குப் பரவாயில்லை, ஆனால் வாரத்தில் நாலு நாள் பழைய பாடுதான்.

“ரோட்டுல எங்கயாச்சும் திங்கிறீகளா?” என்று கேட்டாள் தங்கச்செல்வி.

“எளநியத் தவிரப் பச்சத் தண்ணி குடிக்கலை.”

“அப்ப நம்ம வீட்டுலதான் இருக்கு.”

அவள் அடுப்படியை வருமானவரிக்காரர்கள் மாதிரிச் சோதனை போட்டாள். எல்லா டப்பாவையும் பாக்கெட்டையும் கூடத்தில் இறக்கி வைத்து, பின்னால் இருந்த பொடி எழுத்தைப் போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் படித்தாள். கம்பு அரைக்கும் மில்லில் அதற்கு முன்னால் கோதுமை ஓடியிருக்கும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மறுநாளிலிருந்து வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துச் சலிப்பதென்று முடிவு செய்தாள். சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் பெருங்காய டப்பாவோடு கடைக்கே வந்துவிட்டாள்.

“இதைப் படிங்க.”

கூட்டுப் பெருங்காயம். அதில் பெருங்காயம் கொஞ்சம், கோந்து கொஞ்சம், மீதி கோதுமை மாவு என்று ஒளிவுமறைவு இல்லாமல் அச்சடித்திருந்தது. சாம்பாரில், ரசத்தில், மோரில், அவர் தினமும் மூன்று வேளை அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சங்கரபாண்டியன் டப்பாவைத் திருப்பி, தயாரித்தவர் பெயரைப் பார்த்தார். உள்ளூர்க்காரர்தான். பதினோரு வருஷமாக மாசம் ஆறு மூட்டை மாவு எடுக்கும் வாடிக்கை. பெருங்காயக்காரருக்கு எதற்கு மாவு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பெரிய குடும்பமாக இருக்கும் என்று நினைத்திருந்தார்.

மாவு சேராத பால் பெருங்காயத்தைத் தேடி வாங்கினார்கள். இரண்டு வாரத்தில் வயிறு அடங்கியது. வருஷக்கணக்கில் முதல் தடவையாக, சாப்பிட்டு முடித்த பிறகும் அவருக்குப் பசித்தது.

அந்தச் சமயத்தில்தான் தாவீதுராஜ் போன் செய்தார். நரிக்குடியில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பெரிய இடமாகப் பிடித்து, எட்டு மேசை போட்டுப் புதுக் கடை கட்டியிருந்தார். தள்ளுவண்டியில் தொடங்கியவர். அந்தத் தள்ளுவண்டிக்கு முதல் மூட்டையைக் கடனாகக் கொடுத்து, முதல் பரோட்டாவைப் பிய்த்துத் தின்றவர் சங்கரபாண்டியன்தான். புதுக் கடையிலும் முதல் பரோட்டா அண்ணாச்சி கையால்தான் என்று தாவீதுராஜ் முடிவு செய்துவிட்டார்.

“என்னைக்குத் தெறப்பு?”

“வியாழக்கிழமைன்னு போதகர் குறிச்சுக் குடுத்தாக அண்ணாச்சி. ஒங்களுக்கு அன்னைக்கு விரதமாச்சே. அவுககிட்டச் சொல்லி வெள்ளிக்கிழமைக்கு மாத்திட்டேன். நீங்க நிம்மதியா சாப்பிடலாம்.”

சங்கரபாண்டியன் போனை வைத்துவிட்டுத் தங்கச்செல்வியைப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமைக்கு மாரியாத்தா இருக்கா” என்றாள் அவள். பிறகு, “போதும்ங்க. உண்மையச் சொல்லுங்க. களவாணித்தனமா பண்ணிட்டீக? வியாதிதான” என்றாள்.

“ஒரு பரோட்டாதான. தின்னுட்டு நாலு நாள் படுத்துக்கிடலாம்னு பாக்கேன்.”

“படுங்க. கம்பங்கூழு காச்ச நான் வீட்டுல இருக்கமாட்டேன்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நரிக்குடியில் அறுபது, எழுபது பேர் கூடியிருந்தார்கள். போதகர் ஜெபம் செய்தார். தாவீதுராஜ் வெள்ளைச் சட்டை போட்டு, புதுக் கல்லுக்கு முன்னால் நின்று, பொன்னிறமாக ஒரு பரோட்டாவை எடுத்து, இரு பக்கமும் தட்டி, மலரவைத்து இலையில் போட்டார். அவர் மனைவி மரியசெல்வி சால்னா வாளியோடு வந்து நின்றாள். ராஜகுருவும் செல்லப்பாண்டியும் வந்திருந்தார்கள். தொழில்காரர்கள் என்பதால் அண்ணாச்சிக்கு இரண்டு பக்கமும் நாற்காலி.

“இன்னைக்கு விரதம் இல்லையே அண்ணாச்சி?” என்று ராஜகுரு அக்கறையாகக் கேட்டார். “செவ்வாய்க்கெழமை மட்டுந்தான?”

“சனிக்கெழமைல்ல?” என்றார் செல்லப்பாண்டி.

“வியாழக்கெழமை” என்றார் தாவீதுராஜ்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். பரோட்டாவிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. சங்கரபாண்டியன் கையை இலை வரைக்கும் கொண்டுபோனார். அங்கேயே நிறுத்தினார். வயிற்றுக்குப் பயந்ததை விட, இதைத் தின்றுவிட்டு அடுத்த வாரம் இன்னொரு சாமியைத் தேட வேண்டுமே என்ற அலுப்புதான் பெரிதாக இருந்தது.

“தாவீது, எனக்கு மைதா ஆகாது.”

“எந்த மைதா அண்ணாச்சி?”

“எல்லா மைதாவும்.”

“நம்ம மைதாவுமா?”

“நம்ம மைதாவும்.”

பின்வரிசையில் காது கேட்காத ஒருவருக்கு யாரோ சத்தமாகத் திருப்பிச் சொன்னார்கள். சங்கரபாண்டியன் எழுந்து நின்று, ஆரம்பித்தது ஆகட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னார். வயிறு உப்பியது, கால் சூம்பியது, வாய்ப்புண், எத்தனை மாத்திரை தின்றாலும் ஏறாத ரத்தம், டாக்டரம்மா, கேமரா. விரதம் பொய் என்றும் சொன்னார். போதகர் கண்ணை மூடித் திறந்தார்.

“அப்ப நாங்க மட்டும் திங்கலாமாக்கும்?” என்றார் செல்லப்பாண்டி.

“ஆயிரம் பேருல ரெண்டு மூணு பேருக்குத்தான் இப்படியாம். மத்தவுகளுக்கு ஒண்ணும் செய்யாது.”

“ஆயிரத்துல நீங்கதான் மாட்டணுமா?” என்று ராஜகுரு வருத்தப்பட்டார்.

தாவீதுராஜ், “அதுக்கென்ன, ஒரு ஆம்லேட்டு போடுறேன்” என்று முட்டையை எடுத்தார்.

“கல்லுல மைதா இருக்கு தாவீது. பட்டாலே ஆகாது.”

தாவீதுராஜ் தன் புதுக் கல்லைப் பார்த்தார். முட்டையைத் திரும்ப வைத்தார். முகம் சுருங்கிவிட்டது. மரியசெல்விதான் உள்ளே போய், வந்தவர்களுக்குக் கொடுக்க வாங்கிவைத்திருந்த வாழைப்பழச் சீப்பைக் கொண்டுவந்தாள். சங்கரபாண்டியன் ஒரு பழத்தைப் பிய்த்து, தோலை உரித்து, தின்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அப்படியாக அந்தப் பரோட்டா கடை வாழைப்பழத்தால் திறந்துவைக்கப்பட்டது. இலையில் இருந்ததைப் போதகர் சாப்பிட்டார். மாவு நல்ல மாவு என்றார்.

அவர் வண்டி ஏறும்போது மரியசெல்வி பின்னாலேயே வந்தாள். கையில் இன்னும் சால்னா கரண்டி இருந்தது.

“அண்ணாச்சி, அந்த வாய்ப்புண்ணு, ரத்தம் ஏறாததுன்னு சொன்னீகளே. பிள்ளைகளுக்கும் வருமா?”

“வருமாம். ஏம்மா?”

அவள் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கல்லாவுக்குப் பக்கத்தில் அவள் மகள் ஈவா உட்கார்ந்து பரோட்டா தின்றுகொண்டிருந்தாள். ஒன்பது வயது, பார்த்தால் ஆறு சொல்லலாம். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பந்து. “ரெண்டு வருஷமா ஒரே சைசு செருப்பு அண்ணாச்சி. இரும்பு டானிக்கு, பூச்சி மருந்து, எல்லாம் குடுத்துட்டோம். பரோட்டாக்கடைக்காரன் பிள்ளைக்குச் சாப்பாடு இல்லையான்னு கேக்காக. டெய்லி ராத்திரி ரெண்டு பரோட்டா அவுக அப்பாவே பிச்சுப்போட்டு ஊட்டுறாக. இன்னைக்கே நிப்பாட்டிறவா?”

“நிப்பாட்டாத.” சங்கரபாண்டியன் வண்டியிலிருந்து இறங்கினார். “டெஸ்ட் எடுக்கிற வரைக்கும் சாப்பிடணுமாம். முன்னாடியே நிப்பாட்டினா ரத்தத்துல தெரியாமப் போயிரும்னு டாக்டரம்மா சொன்னாக. திங்கக்கிழமை மதுரைக்குப் போவோம். நானும் வாரேன்.”

மூன்று நாளைக்குப் பரோட்டா கொடு என்று ஒரு தாயிடம் சொல்லிவிட்டு அவர் வீட்டுக்கு வந்தார். அந்த மூன்று நாளும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ரிப்போர்ட் வந்தது. அதேதான். கேமரா குழாயிலும் அதேதான் தெரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் தாவீதுராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என் கையால ஊட்டிருக்கேன் அண்ணாச்சி.”

“நான்தான மாவு குடுத்தேன்.”

ஈவா வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, இன்னும் எத்தனை ஊசி என்று கேட்டாள். ஊசி கிடையாது, மருந்தும் கிடையாது, சாப்பாடுதான் மருந்து என்றார் சங்கரபாண்டியன். அவள் அதை நம்பாமல் அப்பாவைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை லோடு வண்டியில் தங்கச்செல்வியும் ஏறிக்கொண்டாள். மடியில் ஒரு பை. அதில் குதிரைவாலி, வீட்டில் அரைத்த கம்பு மாவு, பால் பெருங்காயம், அதுவரை மைதா படாத ஒரு தோசைக்கல். கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் அவளும் மரியசெல்வியும் அடுப்படியைக் காலி செய்து கழுவினார்கள். ஈவாவுக்குத் தனித் தட்டு, தனிக் கரண்டி. பள்ளிக்கூடத்துக்கு எலுமிச்சைச் சாதம், இல்லையென்றால் குதிரைவாலித் தயிர்ச்சோறு. சாயங்காலம் அவித்த கடலை, பனங்கிழங்குக் காலத்தில் கிழங்கு. ராத்திரி கம்பு தோசை, கேழ்வரகு அடை, அவளுக்குப் பிடித்தால் முட்டை. சால்னாவில் கெட்டிக்கு மாவு கரைத்து விடுகிறீர்களா என்று தங்கச்செல்வி கேட்டபோது தாவீதுராஜ் முதல் தடவையாகக் கோபப்பட்டார். “தேங்காயும் கசகசாவும்தான் மைனி. நான் மாவு கரைக்கிற ஆளா?”

சால்னா தப்பியது. அதன் பலத்தில்தான் முதல் மாசம் ஓடியது. ஈவா கம்பு தோசையைச் சால்னாவில் ஊறப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். ஆனாலும் ஒருநாள் பரோட்டா வேண்டும் என்று அழுதாள். தாவீதுராஜ் கடை திறக்குமுன் வீட்டில் அரிசி மாவைக் கொதிநீர் விட்டுப் பிசைந்து, வீசிப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷ மாஸ்டர். முதல் வீச்சிலேயே மாவு இரண்டாகப் போய் ஒரு துண்டு காலண்டர் மேல் ஒட்டியது. ஐந்து நாள் முயன்றார். ஆறாம் நாள் வீசுவதை விட்டுவிட்டு, வட்டமாகத் தட்டி, எண்ணெய் தடவி, மடித்து மறுபடி தட்டிச் சுட்டு எடுத்தார்.

ஈவா ஒரு வாய் தின்றாள். “இது பரோட்டா இல்லப்பா.”

“இல்லதான்.”

“இது பேரு என்ன?”

தாவீதுராஜ் யோசித்தார். “தெரியலையே.”

“நல்லாருக்கு. இன்னொண்ணு போடுங்க.”

மைதா வியாபாரம் குறையவில்லை. திறப்பு விழாவுக்கு அடுத்த வாரம் ராஜகுரு ஒரு மூட்டையைக் குறைத்தார். அதற்கு அடுத்த வாரம் கோயில் கொடைத் திருவிழா வந்ததால் இரண்டு மூட்டை கூட்டினார். ஒரே ஒரு மாற்றம்: போகிற ஊரில் எல்லாம் வயிற்றைத் தடவிக்கொண்டு நாலு பேர் வந்து, “அண்ணாச்சி, எனக்கும் அதுவா இருக்குமோ?” என்று கேட்டார்கள். பாதிப் பேருக்கு அது வெறும் வாயுத்தொல்லை. அவர் எல்லாருக்கும் டாக்டரம்மா நம்பரைக் கொடுத்தார். பரோட்டா கடைகளில் இப்போது அவருக்கு இளநீர்தான். தலையை மட்டும் பழையபடி ஆட்டச் சொன்னார்கள், ஆட்டினார்.

பள்ளிக்கூடம் திறந்து நாலு மாசம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மரியசெல்வி தங்கச்செல்விக்குப் போன் செய்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“என்னத்தச் சொல்ல மைனி. ஈவாவுக்கு ஜூன் மாசம் தச்ச யூனிபார்ம் பாவாடையை ரெண்டு தடவை எறக்கிட்டேன். இனி எறக்க மடிப்பே இல்ல. டெய்லரு திட்டுறாரு, அளவு குடுக்கும்போதே ஒழுங்கா குடுக்க மாட்டீகளான்னு.”

நாற்காலியில் சாய்ந்து எள்ளுருண்டை தின்றுகொண்டிருந்த சங்கரபாண்டியன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எத்தனை தடவை எறக்குனாகளாம்?” என்று கேட்டார்.

“ரெண்டு தடவையாம்.”

“மறுபடி சொல்லச் சொல்லு” என்றார்.